பொன்னியம்மனுக்கு நேர்ந்து விட்டது

ரம்பம் ஓடும்போது மரவாடியில் பக்கத்தில் நிற்கிற ஆள் கத்தினாலும் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கட்டைக்குள்ளிருந்து வந்த சின்னப் பிராண்டல் துலுக்கானத்தின் காதில் விழுந்ததென்றால், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனதுதான் காரணம்.

துலுக்கானத்துக்கு ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஒரு மரவாடியில் மரம் அறுக்கிற வேலை. அன்றைக்கு வந்திருந்தது வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் காற்றுக்குச் சாய்ந்த கிழட்டுப் பலா. அடிமரத்தில் பெரிய பொந்து. லாரியிலிருந்து உருட்டித் தள்ளியபோது அந்தப் பக்கம் பிளந்துவிட்டிருந்தது. துலுக்கானம் குனிந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். உள்ளே இரண்டு கண்கள் மின்னின.

"இன்னா நைனா, பூனையா?" என்றான் கட்டை புரட்டுகிறவன்.

"பூன இல்லடா. மரநாயி."

அந்தப் பக்கத்தில் மரநாய் புதிதில்லை. அவர் வீடிருக்கிற சேக்காட்டில் எந்த ஓட்டு வீட்டைக் கேட்டாலும் ராத்திரி மேலே ஓடுகிற கதை ஒன்று சொல்வார்கள். ஆனால் ஊர் மரநாய்க்கு உடம்பு சாம்பல், முகத்தில் கறுப்புப் பட்டை. இதற்குப் பட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. காப்பிக்கொட்டையை வறுத்த நிறம். தலையும் காலும் வாலும் இன்னும் கொஞ்சம் தீய்ந்த நிறம். அவசரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பின்னங்கால் நசுங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மரவாடி நாய்கள் மோப்பம் பிடித்து நெருங்கி வந்துவிட்டன. துலுக்கானம் கோணிச் சாக்கைப் போட்டு மூடி, அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி வேம்புலியம்மாளும் மகன் பரத்தும். பரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவனைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பரத் செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை பார்த்தான். அவனுடைய தாத்தா காலத்தில் அதெல்லாம் நெல் விளைந்த கழனி. இப்போது தகரக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகள். உயரத்து அடுக்கிலிருந்து விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைக்க வைத்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும். வாயில் விட்டால் விழுங்குவான். அவ்வளவுதான். அந்தக் கண் எதன்மேலும் நிற்காது. அம்மா முகத்தைக் கொண்டுபோய் எதிரே வைத்தாலும், கண்ணாடி ஜன்னலைத் தாண்டிப் பார்க்கிறவன் போல அவளைத் தாண்டிப் பார்ப்பான்.

"எதையாவது காட்டிக்கிட்டே இருங்க. என்னிக்காவது ஒண்ணு மேல பார்வை நிக்கலாம். அதுலேர்ந்து மெல்ல மெல்ல வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேம்புலியம்மாள் காட்டாத பொருள் இல்லை. அவனுடைய கிரிக்கெட் மட்டை, அவன் ஓட்டின பைக்கின் சாவி, அவனோடு படித்த பிள்ளைகள், வீடியோவில் அவன் ஆடின டான்ஸ். எதிலும் நிற்கவில்லை. அவள் பெரிதாக எதையும் கேட்கவில்லை, கண்ணுங்களா. எழுந்து நடக்க வேண்டாம், சம்பாதிக்க வேண்டாம். ஒரே ஒரு தரம் மகன் தன்னைப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் விடிந்ததும் எழுந்தாள்.

இந்த வீட்டுக்குத்தான் துலுக்கானம் சாக்குமூட்டையோடு வந்து நின்றார்.

"இன்னாய்யா அது, துள்ளுது?"

"மரநாயி. கால் ஒடஞ்சி கீது. ரெண்டு நாள் வெச்சிகினு உட்டுர்லாம்மே."

"கீற சீக்காளி பத்தாதுன்னு இன்னோண்ணு இஸ்துகினு வந்தியா?"

சொன்னாளே தவிர, எழுந்துபோய் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். கறிக்கடையில் ஒரு பழைய கோழிக்கூண்டு இரவல் வாங்கினார்கள். இருப்பது ஒரே அறை. பரத்தின் கட்டிலுக்கு எதிர்மூலையைத் தவிர வேறு இடமில்லை. அங்கே வைத்தார்கள்.

பால் வைத்தாள், சீந்தவில்லை. முட்டை வைத்தாள், கோழி ஈரல் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல்லைப் பார்த்தால் கறி தின்கிற பல். ஆனாலும் வேண்டாம் என்றது. பக்கத்து வீட்டுக் கமலம் எட்டிப் பார்த்தாள். எதிரே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவள், வாய்க்காரி.

"யக்கா, இது புனுகுப் பூன மாரி கீதே. புனுக வழிச்சி எடுத்தின்னா கோயிலுக்குக் குடுக்கலாம். சோக்கா வாசன வரும்."

"ஒன் மூஞ்சி. இப்ப வர்ற வாசனையே போதும், ஊடு பூரா நாறுது."

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். சாமி படத்துக்கு வைத்த வாழைப்பழத்தை உரித்து, பாதியைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். பகலெல்லாம் சுருண்டு கிடந்த ஜீவன் எழுந்து வந்தது. முன்னங்காலால் பழத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் தின்றது. கொட்டையை மட்டும் துப்புகிற குழந்தை மாதிரி நாரை ஒதுக்கித் துப்பியது. வேம்புலியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. இதைப் பாருடா என்று சொல்லும் பழக்கத்தில் மகன் பக்கம் திரும்பினாள்.

பரத்தின் கண் கூண்டின் மேல் இருந்தது.

மரநாய் கூண்டின் இந்தக் கோடிக்கு வந்தது. அவன் கண் இந்தக் கோடிக்கு வந்தது. அது திரும்பிப் போனது. அவன் கண்ணும் போனது.

"யோவ்! இங்க வாய்யா! யோவ்!"

வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த துலுக்கானம் பயந்து ஓடிவந்தார். வந்தவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மறுநாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் அது எழுந்தது, பரத்தின் கண்ணும் எழுந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சப்போட்டா, கொய்யா, பப்பாளி என்று வேம்புலியம்மாள் வாங்கி வந்தாள். தனக்கு ஒரு பழம் வாங்கித் தின்று அறியாதவள், பழக்கடைக்காரனிடம் கனிந்ததா என்று அமுக்கிப் பார்த்து வாங்கினாள். பழத்தை முதலில் மகன் முகத்தருகே காட்டுவாள், பிறகு கூண்டுக்கு எடுத்துப்போவாள். அவன் கண் அவள் கையைத் தொடர்ந்து போகும். கையில் நின்ற கண் ஒரு நாள் முழங்கைக்கு ஏறும், தோளுக்கு ஏறும், முகத்துக்கு வரும். அப்படி ஒரு கணக்கு அவள் மனதில் ஓடியது.

கால் ஆறிக்கொண்டு வந்தது. மருந்து தடவும்போது ஒரு நாள் அதன் கழுத்தைத் தடவினாள். கை தடுக்கியது. பூனைக்கும் நாய்க்கும் மயிர் தலையிலிருந்து முதுகுப்பக்கம் சாயும். இதற்குப் பிடரி மயிர் முதுகிலிருந்து தலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தோளருகே ஓர் இடத்தில் சுழித்துத் திரும்பியது.

வேம்புலியம்மாளின் அப்பா பிறத்தியார் மாடுகளை மேய்த்தவர். மாட்டை வாங்குமுன் சுழி பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் இவள்.

"அப்டியே எதிர்ச் சுழி கீதுய்யா. எந்த ஜீவனுக்கும் நான் பாத்ததில்ல. இது ஆத்தா அனுப்பிச்ச உசுரு."

"மரவாடிக்காரன் அனுப்பிச்சதுமே" என்றார் துலுக்கானம். ஆனாலும் அன்றிலிருந்து கூண்டைத் தாண்டும்போது அவர் காலை விலக்கித்தான் நடந்தார்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். போகவில்லை. கால் ஆறினதும் அது கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. வாயோரம் ரத்தம். எழுந்தால் சுற்றும். ஒரே சுற்று, ஒரே திக்கில். பழத்தை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். பரத்தின் கண்ணும் அந்தச் சுற்றோடு சுற்றியது. வேம்புலியம்மாளுக்கு இரண்டையும் பார்க்க முடியவில்லை.

கமலம் சும்மா இருப்பாளா? தான் வேலை செய்கிற வீட்டு விஷாலிடம் சொல்லி அழைத்து வந்துவிட்டாள். விஷால் பொள்ளாச்சிப் பையன், கம்ப்யூட்டர் வேலை. குனிந்து நான்கைந்து படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். உடனே வீடியோ கால் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"விஷால், கழுத்து முடியக் காட்டுடா. கிட்ட, இன்னும் கிட்ட." பெண் குரல். விஷால் போனைக் கூண்டருகே கொண்டுபோனான். "டேய். இது எங்கேடா கிடைச்சுது?"

"ஆவடியிலங்க மேடம்."

"விளையாடாத. இது உங்க ஊர் மரநாய் இல்ல. பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்ட விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ஆறு வருஷமா இது பின்னாடிதான் சுத்தறேன். பாதி நாள் இதோட எச்சத்தத்தான்டா பாத்திருக்கேன்!"

பேசியது சபீனா. கல்லூரியில் விஷாலுக்கு சீனியர், வால்பாறையில் சின்னச் சின்ன மிருகங்களை ஆராய்ச்சி செய்கிறவள். அது பலாமரத்தோடு வந்த கதையைக் கேட்டுக்கொண்டாள். வனத்துறையில் பேசி, நாளை மறுநாள் காலை தானே வந்து எடுத்துப்போவதாகவும், அதுவரை யாரும் திறந்துவிடக் கூடாதென்றும் சொன்னாள்.

"எம் புள்ள அத்த மட்டும்தான் தம்பி பாக்குறான்" என்றாள் வேம்புலியம்மாள்.

விஷால் கட்டிலைப் பார்த்தான். "வீடியோ எடுத்துத் தரேங்க ஆன்ட்டி. டிவில போட்டுக் காட்டலாம்" என்றான். அப்படியே எடுத்துப் பெரிதாகப் போட்டும் காட்டினான். பரத் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

விஷால் போனதும் கமலம் வாயைத் திறந்தாள்.

"மலைக்குப் போவுதாம். நீ நம்புறியா யக்கா? ஏதோ ஒரு ஜூவுல கூண்டுல அடைச்சி, டிக்கெட்டு போட்டுக் காட்டுவானுங்க. வெச்சிகினு இருந்ததுக்கு மாமா மேல கேஸ் வேற போடுவானுங்க. நம்ம நேரம் அப்டி."

"அந்தத் தம்பிய இஸ்துகினு வந்தவளே நீதானடி!"

"அது வாய் தவறிடுச்சிக்கா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அது எழவில்லை. மூலையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. கட்டிலில் பரத்தின் கண் கூண்டின் மேலேயே காத்திருந்தது. வேம்புலியம்மாள் நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் கட்டிலுக்குப் போட்ட தடுப்புக் கம்பி. எவ்வளவு நேரம் நின்றாளோ. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"யோவ், ஆட்டோ கூப்புடு. பொன்னியம்மன் கோயிலுக்குப் போலாம். இத்த ஆத்தாளுக்கு நேர்ந்து உடப்போறேன்."

கோழியை விடுவார்கள், கிடாவை விடுவார்கள், வசதி இருந்தால் காளையை விடுவார்கள். சாமி பேரைச் சொல்லி அவிழ்த்துவிட்டுவிட்டால் பிறகு அது யாருடையதும் இல்லை. யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. துலுக்கானத்துக்கும் அது தெரியும்.

"அந்தப் பொண்ணு தொறக்கக் கூடாதுன்னு சொல்லிச்சேமே."

"அதுக்கு இன்னாய்யா தெரியும்? கூண்டுலர்ந்து எடுத்து இன்னோரு கூண்டுல வெக்கும். எத்தினி மரநாயி இங்க ஓடுது! அதுங்க பொழைக்கலியா? கோயில்ல அத்திமரம் கீது, பழம் கீது. சுழியோட வந்தது ஆத்தாகிட்டயே இருக்கட்டும்."

"அப்போ பரத்து?"

மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "அத்த நான் ஆத்தாகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

கூண்டைத் தூக்கிக் கட்டிலருகே கொண்டுவந்து மகனுக்குக் காட்டினாள். "பாத்துக்கோடா. போயிட்டு வருது." கமலத்தை அவனுக்குக் காவல் வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் கோயில். சின்னக் கோயில்தான். பின்னால் ஒரு பெரிய அத்தி, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பு. வேம்புலியம்மாள் மரநாயின் நெற்றியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். சோர்ந்து கிடந்ததால் அது ஒன்றும் செய்யவில்லை. கழுத்துச் சுழியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"தாயே, ஒன்னுத ஒன்கிட்ட உட்டுட்டேன். என்னுத என் பக்கம் திருப்பி உடு."

கதவைத் திறந்தார்கள். அது தலையை நீட்டி மோந்தது. அத்தியின் வாசனை தட்டியிருக்க வேண்டும். ஒரே தாவு. அடுத்த கணம் அடிமரத்தில் இல்லை. மேலே இலை அசைந்தது, பழம் இரண்டு உதிர்ந்தது. நோயாளி மாதிரிக் கிடந்ததா இப்படி ஏறியது என்று துலுக்கானம் வாய்விட்டுச் சிரித்தார். நீண்ட நாளாயிற்று அவர் சிரித்து. வேம்புலியம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

காலையில் வனத்துறை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சபீனா இறங்கினாள். மெலிந்த, வெயிலில் கறுத்த பெண். ராத்திரி ரயிலில் தூங்காமல் வந்த முகம். கையில் ஒரு கூடை, கூடை நிறையக் காட்டுப் பழங்கள். வழியில் அது தின்பதற்கு.

காலிக் கூண்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கம்மா விட்டீங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை என்று பிறகு வேம்புலியம்மாள் சொன்னாள்.

எல்லோருமாகப் போனார்கள். அத்திமரத்தில் இல்லை. துலுக்கானம்தான் முதலில் பார்த்தார். கோயில் வாசலிலிருந்து அதிக தூரமில்லை. சாலையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. உடம்பில் பெரிய காயமொன்றும் தெரியவில்லை. நெற்றியில் குங்குமம் அழியாமல் இருந்தது.

சபீனா பக்கத்தில் மண்டியிட்டாள். ஆறு வருஷமாகத் தேடினவள் இப்போதுதான் கையால் தொடுகிறாள். பிடரி மயிரை ஒரு விரலால் தடவினாள். அவள் விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"இது மேலயே இருக்கற ஜீவன்மா. மரத்துலேர்ந்து மரத்துக்குக் கிளை வழியாவே போயிரும். அங்கெல்லாம் கிளைக்குக் கிளை தொட்டுக்கிட்டு இருக்கும்." தலையைத் தூக்கி அத்தியையும் வேம்பையும் பார்த்தாள். "இங்க ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவுல ரோடுதான் இருக்கு. உங்க ஊர் மரநாய்க்கு ஒயர் தெரியும், மதில் தெரியும், லாரி தெரியும். இதுக்கு ஒண்ணும் தெரியாது."

வேம்புலியம்மாள் ஒன்றை மட்டும் கேட்டாள். "நெசமாவே மலைக்குத்தான் எடுத்துகினு போவியாம்மா?"

"அந்தப் பலாமரம் எந்த எஸ்டேட்டுன்னு விசாரிச்சு வெச்சிருந்தேங்கம்மா." சபீனா பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லா ஆறியிருக்கு. நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். பாவம், அவளுக்கென்ன தெரியும், அந்தச் சொல்தான் உள்ளே போய் அறுக்குமென்று. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். பரிசோதனைக்குப் போக வேண்டுமாம். மலைக்காவது கொண்டுபோகக் கூடாதா என்று துலுக்கானம் கேட்டார். முடியாதண்ணா என்றாள் சபீனா. பழக்கூடையை வண்டியில் திரும்ப ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கோயில் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அழுவாத யக்கா. நேர்ந்து உட்டது. ஆத்தா எடுத்துகிச்சி."

"ஆத்தா எடுக்கல கமலம்" என்றாள் வேம்புலியம்மாள். "எதோ ஒரு வண்டி எடுத்திச்சி. நான் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

கமலம் கையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

கூண்டைக் கழுவிக் கறிக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார் துலுக்கானம். விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. பரத்தின் கண் மூலைக்குப் போனது. அங்கே தரையில் கூண்டின் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. அவன் கண் அந்தச் சதுரத்தின் மேல் நின்றது. நகரவில்லை.

"ஒரு பூனக்குட்டி கொண்டாரட்டா?" என்றார் துலுக்கானம் மெல்ல. அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

மகனருகே போய்த் தலையைக் கோதினாள். "வராதுடா. செத்துப்போச்சி. நான்தான் தொறந்து உட்டேன். அதோட ஊட்டுக்குப் போயிருக்கும், இன்னிக்கிக் காத்தால போயிருக்கும். நான்தான்டா." அவன் காதில் விழுந்ததோ இல்லையோ. கண் மூலையிலேயே இருந்தது.

அவள் எழுந்தாள். மெதுவாக நடந்து அந்த மூலைக்குப் போனாள். சுவரில் முதுகைச் சாய்த்து, கூண்டு இருந்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் அது எழுந்து வருகிற உயரத்துக்கு வருமாறு இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

இப்போது அவன் கண் நேராக அவள் முகத்தில் இருந்தது.

அவன் தன்னைப் பார்க்கிறானா, தனக்குப் பின்னால் அதைத் தேடுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நகர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. கன்னத்தில் கொசு உட்கார்ந்தது, ஓட்டவில்லை.

"இன்னாமே, சோறு போடலியா?" துலுக்கானம் வாசலிலிருந்து கேட்டார்.

விரலை மட்டும் லேசாகத் தூக்கி, பேசாதே என்று காட்டினாள்.